வீட்டுப் பூச்சிகளும் விஷப் பிரயோகமும்

மளிகைக் கடைக்குள் நுழைகிற எவரும், அவல் பொட்டலமும் பொரியும் பிஸ்கட்டும் அடுக்கியிருக்கும் பலகைக்கு ஒரு முழத் தூரத்திலேயே, கரப்பானைக் கொல்லும் புட்டியும், கொசுவை விரட்டும் சுருளும், எறும்பு வரும் வழியில் கோடு கிழிக்கும் சாக்பீஸும், எலிப் பசையும் வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கண்டும் எவருக்கும் அது விபரீதமாகப் படுவதில்லை. ஆகாரமும் நஞ்சும் ஒரே அலமாரியில் அருகருகே இருக்கும் இந்த ஏற்பாட்டை நம் பாட்டிமார் பார்த்திருந்தால் திடுக்கிட்டிருப்பார்கள். அவர்கள் வாழ்ந்த வீடுகளிலும் பூச்சிகள் இருந்தன. ஆயினும், அரிசியில் வண்டு விழுந்தால் முறத்தில் இட்டுப் புடைப்பதும், கட்டிலில் மூட்டைப்பூச்சி ஏறினால் அதை வெயிலில் நிறுத்திக் கயிற்றைத் தட்டி உதறுவதும், வெல்லப் பானையைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைத்து எறும்பைத் தடுப்பதும் அவர்களுக்குக் கைவந்த காரியங்களாக இருந்தன; அந்தக் காரியங்களுக்குப் பின்னால், பூச்சியின் சுபாவத்தை நெடுநாள் கவனித்து அறிந்த ஒரு ஞானமும் இருந்தது.

வேண்டாத பூச்சிகளை வீட்டைவிட்டு அகற்றியே ஆக வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. டெங்குக் காய்ச்சலில் துவண்ட குழந்தையின் அருகே இரவெல்லாம் கண்விழித்திருக்கும் தாயிடம் கொசுவுக்காகப் பரிந்து பேசுவது கருணை ஆகாது. சாக்கடையில் ஊர்ந்த கால்களோடு சோற்றுப் பாத்திரத்தில் ஏறும் கரப்பானைச் சகித்துக்கொள்வது விவேகமும் ஆகாது. நான் சொல்ல விரும்புவது வேறு. பூச்சியை அறிந்து, அது வரும் வழியை அடைத்து, அகப்பட்டதைப் பிடித்து வெளியேற்றும் முறையைக் கைவிட்டு, கண்ட இடத்தில் கண்ட மருந்தைத் தெளிப்பது என்னும் ஒற்றை உபாயத்தை நாம் சரணடைந்துவிட்டோம். அதன் பயனாகப் பூச்சி ஒழிந்தபாடில்லை, நம் குழந்தைகள் தவழும் தரையும் நாம் சுவாசிக்கும் காற்றும்தாம் மாசுபட்டிருக்கின்றன என்பதே என் கட்சி.

உணவும் பூச்சி மருந்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விளையக்கூடிய கேட்டை நம் நாடு ஒருமுறை பிரத்தியக்ஷமாகக் கண்டிருக்கிறது. 1958-ஆம் ஆண்டில், பாரத்தியான் என்னும் கொடிய பூச்சிக்கொல்லியும் கோதுமை மாவும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு வந்தபோது, மருந்து கசிந்து மாவில் கலந்து, அதை உண்ட கேரளத்து மக்களும் அன்றைய சென்னை ராஜ்யத்து மக்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பேரிடரும் அதைத் தொடர்ந்த விசாரணையுமே 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு வித்திட்டன. அச்சட்டத்தின்கீழ் 1971-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஒவ்வொரு மருந்துப் புட்டியின் மேலும் ஒரு சாய்சதுரம் அச்சிடப்பட்டு, அதன் கீழ்ப்பாதியில் அபாயத்தின் அளவைக் காட்டும் நிறம் தீட்டப்பட்டிருக்க வேண்டும்: மிகக் கொடிய நஞ்சுக்குச் சிவப்பு, அதற்கடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. இந்த நான்கு நிறங்களின் அர்த்தம் நம் இல்லங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று விசாரித்தால், சாலை விளக்கின் நிறங்களை மழலையர் பள்ளியிலேயே கற்றுக்கொடுக்கும் நாம், அதே பிள்ளைகள் விளையாடும் அறைக்குள் கொண்டுவரும் விஷத்தின் நிறங்களைப் பற்றி எவருக்கும் எதுவும் சொன்னதில்லை என்பது விளங்கும்.

2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலித் தொல்லையை நீக்குவதற்காக ஒரு நிறுவனத்தார் வீட்டுக்குள் வைத்துச் சென்ற மருந்தின் நெடியைச் சுவாசித்து இரு குழந்தைகள் உயிரிழந்த செய்தியை வாசித்தவர்கள் அதை எளிதில் மறந்திருக்க முடியாது. எலி பூச்சியன்று என்பது உண்மைதான். ஆனால், எதை, எவ்வளவு, எந்த அறையில், எத்தனை நேரம் வைக்கலாம் என்ற அறிவில்லாமல் விஷத்தை வீட்டுக்குள் அனுமதிக்கும் மனோபாவம் இரண்டுக்கும் ஒன்றே. பள்ளிக் குழந்தை பலகையில் எழுதும் சாக்பீஸின் அதே வடிவத்தில், அதே வெண்மையில், நரம்பைத் தாக்கும் ரசாயனத்தை வார்த்து விற்பதை இந்தச் சமூகம் எப்படி அனுமதிக்கிறது என்று நான் அடிக்கடி வருந்துவதுண்டு. 'அரசாங்கம் அனுமதித்திருக்கிறதே, அபாயம் இருந்தால் கடையில் விற்பார்களா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் எறும்புப் புற்றைக் கண்டால் கைநிறைய அள்ளித் தூவிய கமாக்ஸின் பொடி 1997-இல் தடைசெய்யப்பட்டது. கரப்பானுக்கும் கொசுவுக்கும் வீட்டு மூலைகளில் தெளிக்கப்பட்டு வந்த டைகுளோர்வாஸ் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு விலக்கப்பட்டது. தடை வருவதற்கு முந்தின நாள்வரை அவையும் அனுமதி பெற்ற பண்டங்களாகவே இருந்தன.

இத்தனை அபாயத்துக்கும் ஈடாகப் பூச்சியாவது ஒழிந்ததா என்று பார்த்தால், சரித்திரம் தரும் விடை நம்பிக்கை ஊட்டுவதாக இல்லை. சுவிட்சர்லாந்து தேசத்து ரசாயன அறிஞர் பால் முல்லர், டி.டி.டி. என்னும் பொருளுக்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் இருப்பதை 1939-இல் கண்டறிந்து, அதற்காக 1948-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அவர் அப்பரிசைப் பெறுவதற்கு முன்பே, ஐரோப்பாவின் சில பகுதிகளில் வீட்டு ஈக்கள் அந்த மருந்துக்கு அஞ்சாதவையாக மாறத் தொடங்கிவிட்டன. நம் நாட்டில், சுதந்திரம் வந்த காலத்தில் ஆண்டுதோறும் சுமார் ஏழரைக் கோடிப் பேரை வாட்டிய மலேரியா, டி.டி.டி. தெளிப்பின் பலத்தால் 1965 வாக்கில் ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது மகத்தான சாதனை. அதை எவரும் குறைத்துப் பேசலாகாது. எனினும், 1976-இல் அந்த எண்ணிக்கை மீண்டும் 64 லட்சத்தை எட்டிற்று. நிர்வாகத்தில் ஏற்பட்ட தளர்ச்சி உள்ளிட்ட காரணங்கள் பல உண்டென்றாலும், கொசுக்கள் மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது அவற்றுள் முக்கியமானது. ஆயிரம் பூச்சிகளில் பிறவியிலேயே அந்த நஞ்சைத் தாங்கும் சக்தி பெற்ற நாலைந்து உயிர் தப்புகின்றன. அடுத்த தலைமுறை முழுதும் அந்த நாலைந்தின் சந்ததி. தெளிக்கத் தெளிக்க, தாங்குபவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் பணியை நாமே செய்துகொண்டிருக்கிறோம்.

சமையலறைக் கரப்பானின் கதை இதைவிட ஆச்சரியமானது. இனிப்பில் நஞ்சைக் கலந்து வைக்கும் தந்திரம் சில காலம் நன்றாகப் பலித்தது. பிறகு, அமெரிக்காவில் சில இடங்களில், குளுக்கோஸ் சர்க்கரையைக் கண்டால் விலகி ஓடும் சிறு கரப்பான்கள் தோன்றின. அவற்றின் நாவுணர்வை ஆராய்ந்த அறிஞர்கள், நமக்குத் தித்திக்கும் அந்தச் சர்க்கரை அவற்றுக்குக் கசப்பாக உணரப்படும்படி நரம்பின் இயக்கமே மாறியிருப்பதை 2013-இல் விளக்கினார்கள். எறும்பிலோ வேறொரு விபரீதம். வீட்டுச் சுவரிடுக்குகளில் குடியிருக்கும் மிகச் சிறிய மஞ்சள் நிற எறும்பு இனம் ஒன்று உண்டு. அதன் கூட்டில் ராணிகள் பல. வரிசையாக ஊரும் அந்த எறும்புகளின்மேல் மருந்தைத் தெளித்தால், கூடு கலைந்து, ஆளுக்கொரு பக்கமாக ராணிகளையும் குஞ்சுகளையும் தூக்கிச் சென்று, ஒரு கூடு இருந்த வீட்டில் நாலைந்து கூடுகளை அமைத்துவிடும். கோபத்தோடு மருந்தடித்த குடும்பத்தார், மறுமாதம் எறும்பு பெருகிவிட்டது என்று இன்னொரு புட்டி வாங்குகிறார்கள்.

ஆகவே, கொல்லும் மருந்தைத் தேடுவதற்கு முன்னால் பூச்சியின் இயல்பைத் தேட வேண்டும். ஒவ்வொரு ஜந்துவும் ஏதோ ஒன்றை நாடியே நம் வீட்டுக்குள் வருகிறது. எதை நாடி வருகிறதோ, அதைக் கொண்டே அதைப் பிடிக்கலாம். புலன் வேட்கையால் அழியும் உயிருக்கு உதாரணமாக, விளக்கொளியில் விழும் விட்டிலை நம் சான்றோர் காட்டியதில், தத்துவத்தோடு கூர்மையான இயற்கை நோக்கும் கலந்திருக்கிறது. மழை ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வரும் ஈசலைக் கிராமத்துப் பெண்கள் எதிர்கொள்ளும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வீட்டு விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, முற்றத்தில் ஒரே ஒரு விளக்கை ஏற்றி, அதன் கீழே வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி வைப்பார்கள். ஒளியை நாடி வந்த ஈசல் அத்தனையும் நீரில் விழுந்துவிடும். அவற்றின் இறகைப் போக்கி, அரிசியோடு வறுத்து உண்ணும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. இறகுதிர்ந்த ஈசல்களுள் ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து மண்ணுக்குள் புகுந்தால் அங்கே ஒரு புதிய கரையான் குடும்பம் தொடங்குகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு பாத்திரத் தண்ணீர் எத்தனை கதவு நிலைகளையும் உத்தரங்களையும் புத்தகங்களையும் காப்பாற்றக்கூடியது என்பது புலப்படும்.

இத்தகைய அறிவு நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் பால்கன் பிரதேசத்து மக்கள், மூட்டைப்பூச்சி மிகுந்த அறைகளில் படுக்கைக்கு அருகே இரவில் பீன்ஸ் இலைகளைப் பரப்பிவைத்து, விடிந்ததும் அவ்விலைகளைக் கூட்டி அள்ளித் தீயிலிடுவது வழக்கமாக இருந்தது. அவ்விலையின் மேல் கண்ணுக்குப் புலப்படாத கொக்கி போன்ற ரோமங்கள் உண்டு. இலையின் மேல் நடக்கும் மூட்டைப்பூச்சியின் காலை அவை குத்திப் பிடித்துக்கொள்கின்றன. 1943-இல் இதை ஒரு பூச்சியியல் அறிஞர் விவரித்து எழுதினார். 2013-இல் கலிபோர்னியாவின் ஆராய்ச்சியாளர்கள் அந்த இலைப்பரப்பைச் செயற்கையாக வார்த்துப் பார்த்தபோது, பூச்சியின் கால் அதில் சற்றுத் தடுக்கினாலும், இயற்கை இலை பிடிப்பதுபோல் பிடிக்கவில்லை. நம் ஊரில் கயிற்றுக் கட்டிலை வெயிலில் போட்டதற்கும், சட்டத்தின் பொருத்துவாயில் கொதிநீரை ஊற்றியதற்கும் இதைப் போலவே தக்க காரணம் உண்டு. 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை மூட்டைப்பூச்சியும் தாங்காது, அதன் முட்டையும் தாங்காது. விடுதிகளிலும் ரயில் பயணங்களிலும் மூட்டைப்பூச்சி மீண்டும் தலைகாட்டியிருக்கும் இக்காலத்தில், ஊரிலிருந்து திரும்பியதும் துணிகளை வெந்நீரில் நனைத்துத் துவைப்பதும், பெட்டியைப் படுக்கையின் மேல் வைக்காமல் மொட்டைமாடி வெயிலில் திறந்து வைப்பதும் எந்த மருந்துக்கும் தாழ்ந்தவை அல்ல.

கரப்பானைப் பிடிப்பதற்கும் அதிகச் செலவு ஆகாது. அது திறந்த வெளியில் நடக்க விரும்புவதில்லை. உடல் சுவரில் உராயும்படி ஓரமாகவே செல்லும். ஆகையால், பழைய ஊறுகாய்ப் புட்டி ஒன்றின் உட்புற விளிம்பில் எண்ணெயோ வாசலினோ தடவி, அடியில் வாழைப்பழத் தோலையோ நனைத்த ரொட்டித் துண்டையோ இட்டு, ஏறி வருவதற்குப் பிடிமானமாக வெளியே காகிதத்தைச் சுற்றி, அடுப்பு மேடையின் கீழே சுவரோரமாக இரவில் வைத்தால், உள்ளே இறங்கியவை வழுக்கும் விளிம்பைத் தாண்டி ஏறமாட்டாமல் தங்கிவிடும். காலையில் சோப்புத் தண்ணீரை அதனுள் ஊற்றினால் போதும். பூச்சி வாயால் மூச்சுவிடுவதில்லை; உடலின் பக்கங்களிலுள்ள நுண்துளைகளால் சுவாசிக்கிறது; வெறும் நீர் புகாத அத்துளைகளில் சோப்பு நீர் புகுந்துவிடும். ஆனால் பிடிப்பது பாதி வேலை. உணவில்லாமல் பல வாரம் தாங்கும் கரப்பான், நீரில்லாமல் அவ்வளவு காலம் தாங்காது. ஆகவே சொட்டும் குழாயை அன்றே பழுதுபார்த்து, கழுவுதொட்டியை இரவில் துடைத்து உலரவிட்டு, சாக்கடைத் துளைக்கு வலைமூடி போட்டு, சுவர் விரிசலைச் சிமெண்டால் அடைக்கிற குடும்பத்தார் விஷப் புட்டிக்குச் செலவிடும் பணத்தையும் மிச்சப்படுத்துகிறார்கள். வாடகை வீட்டில் குழாயையும் விரிசலையும் சரிசெய்வது யாருடைய கடமை என்ற வழக்கு ஓயாமல் நடப்பதை அறிவேன். வீட்டுச் சொந்தக்காரர்கள் இதை அறமென்று கருதிச் செய்ய வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இனி, கொசு. 1897 ஆகஸ்ட் 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்த நாள்முதல், கொசுவை வெல்லும் போர் தண்ணீரில் நடைபெற வேண்டியது என்பதை விஞ்ஞானம் ஓயாமல் சொல்லி வருகிறது. நம் நகரசபைகளோ புகையை நம்புகின்றன. மாலையில் தெருவெல்லாம் வெண்புகை பரப்பிச் செல்லும் வண்டியைக் கண்டு மக்கள் திருப்தி அடைகிறார்கள். அந்தப் புகை, அந்த வேளையில் பறந்துகொண்டிருக்கும் கொசுக்களில் ஒரு பகுதியைக் கொல்லும். வீட்டுக்குள் திரைச்சீலையின் பின்னும் கட்டிலுக்கு அடியிலும் ஒதுங்கியிருப்பவற்றையும், தொட்டியில் நெளியும் புழுக்களையும் அது தீண்டுவதேயில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதன்று. நம் வீட்டுக் குடத்திலும், மூடாத மேல்தொட்டியிலும், பூந்தொட்டித் தட்டிலும், குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டிலும், கொல்லையில் எறிந்த கொட்டாங்கச்சியிலும் தேங்கிய தெளிந்த நீரில் பிறந்து, பகலிலே கடிப்பது. பிறந்த இடத்திலிருந்து நெடுந்தூரம் பறந்து போவதும் அதன் வழக்கமன்று. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் பிடிப்பதால், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிக் கவிழ்ப்பவர் வீட்டில் அது தலைமுறை காண முடியாது. ஒரு நுட்பத்தை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: அதன் முட்டை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருப்பது, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நனைந்தவுடன் உயிர்பெறுவது. ஆதலால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். கிணற்றுக்கும் பெருந்தொட்டிக்கும் கப்பி மீனோ கம்பூசியா மீனோ போதும். அவை கொசுப்புழுவை ஓயாது தின்பவை.

கொசுச் சுருளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று கண்டது. சன்னலைச் சாத்திய சிறு அறையில், கைக்குழந்தையின் தலைமாட்டில், ஒவ்வோர் இரவும் அதை ஏற்றிவைக்கிற பெற்றோர் அன்பினால்தான் அவ்வாறு செய்கிறார்கள். அந்த அன்பு கொசுவலையாக மாறட்டும். வலை கட்டுவது புழுக்கமென்று சொல்பவர்கள் சன்னலுக்கு வலைக்கதவு போட்டுக்கொள்ளலாம். அதற்கான செலவு ஒருமுறை மட்டுமே.

நான் மிகவும் ஆசையோடு எழுத விரும்பியது தானியப் பூச்சியைப் பற்றி. அரிசியில் காணும் மூக்கு நீண்ட சிறு வண்டின் வாழ்க்கையை அறிந்தவர்கள் அதை வெறுமனே அழுக்கென்று நினைக்கமாட்டார்கள். பெண் வண்டு அரிசி மணியில் தன் மூக்கினால் குழி தோண்டி, அதில் ஒரே ஒரு முட்டையை இட்டு, பசைபோன்ற பொருளால் அந்தத் துவாரத்தை மூடிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் மணி முழுமையாகவே தோன்றும். உள்ளே பிறந்த புழு அந்த மணியையே வீடாகவும் ஆகாரமாகவும் கொண்டு வளர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாகித் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. பயறு வண்டோ இன்னும் முந்திக்கொள்கிறது. வயலில் காய் முற்றும்போதே அதன்மேல் முட்டையை ஒட்டிவிட்டு, அறுவடையோடு வண்டியேறி நம் வீட்டுக்கு வருகிறது. நம் முன்னோர் துவரையைச் செம்மண் கட்டி உலர்த்திச் சேமித்ததும், பயற்றை உடைத்துப் பருப்பாக்கி வைத்ததும், ஆமணக்கெண்ணெய் பூசியதும், வேப்பிலையும் நொச்சியும் இட்டதும், ஆடிக்கு முன் கடைசி வெயிலில் எல்லாத் தானியத்தையும் மொட்டைமாடியில் கொட்டிக் கிளறியதும் இந்த ரகசியத்தை அனுபவத்தால் உணர்ந்தே. வற்றல் மிளகாயும் வசம்பும் புதிதாக வருபவற்றை ஓரளவு விரட்டக்கூடும். மணிக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவை அவை ஒன்றும் செய்யா.

இந்த இடத்தில், கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைப் போற்றாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. அங்கே பூச்சியியல் அறிஞர் எஸ். மோகன் உருவாக்கிய பொறியைப் போன்ற எளிமையும் நுட்பமும் பொருந்திய கருவி ஒன்றைக் காண்பது அரிது. தானியத்துக்குள் வாழும் வண்டுகள் காற்றை நாடி நகர்ந்துகொண்டே இருப்பவை என்ற ஒரே உண்மையை அது ஆதாரமாகக் கொண்டது. 2 மில்லிமீட்டர் அளவுள்ள துளைகள் இடப்பட்ட ஒரு குழாயைத் தானியத்தின் நடுவே செங்குத்தாகச் செருகி வைத்தால், வண்டு குழாயிலுள்ள வெற்றிடத்தை நாடித் துளை வழியே நுழைந்து, அடியிலுள்ள கூம்பில் விழுந்துவிடுகிறது. வழுவழுப்பான கூம்பிலிருந்து அதனால் ஏறி வர முடியாது. வாரம் ஒருமுறை கூம்பைக் கழற்றிக் கொட்டினால் முடிந்தது. மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம், மணம் வேண்டாம். இதே தத்துவத்தில் அவர்கள் அமைத்த பூச்சி நீக்கும் சேமிப்புக் கலம், உள்ளே துளையிட்ட பாத்திரமும் வெளியே ஒரு பாத்திரமுமாக, இரண்டு கிலோ பருப்பு கொள்ளும் சிறு டப்பா முதல் 500 கிலோ கொள்ளும் பெருங்கலம் வரை பல அளவுகளில் உண்டு. தானியத்தை அதில் கொட்டி வைத்துவிட்டால், வண்டுகள் தாமாகவே துளைகளின் வழியே வெளியேறிக் கீழுள்ள கிண்ணத்தில் சேர்ந்துவிடுகின்றன. முதலில் வெளிப்படும் சில வண்டுகள் முட்டையிட்டுப் பெருகுவதற்கு முன் அவற்றைப் பிடித்துவிட்டால் பிறகு வரும் நூற்றுக்கணக்கானவை பிறப்பதேயில்லை என்பதுதான் இதன் அருமை. உள்ளே மறைந்திருக்கும் புழு வண்டாக வெளிவரும்வரை பொறி காத்திருக்கத்தான் வேண்டும். அந்தப் பொறுமை நமக்கு வேண்டும். நம் மண்ணில் பிறந்த இந்த உபகரணம் எத்தனை தமிழ் வீடுகளில் இருக்கிறது என்று எண்ணினால் மனம் சோர்கிறது. விளம்பரம் செய்து விற்கும் நஞ்சுப் புட்டியின் பெயர் சிறு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கிறது, நம் பல்கலைக்கழகத்தின் பொறி பெரும்பாலோருக்குக் காதில் விழுந்ததும் இல்லை.

பூச்சி என்றாலே வேண்டாதது என்று முடிவுகட்டுவதும் தவறு. சுவர் மூலையில் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவியைக் கண்டால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று நம் மூதாட்டியர் மகிழ்ந்தார்கள். அந்நம்பிக்கையின் பலத்தால் அக்குளவி பிழைத்தது. சிலந்தியையோ புழுவையோ கொட்டி மயக்கிக் கொண்டுவந்து, தன் குஞ்சுக்கு உணவாகக் கூட்டில் அடைத்து வைக்கும் அந்த உயிர், நாம் கையால் பிடித்து நசுக்கினாலன்றி நம்மைக் கொட்டுவது அரிது. அடுக்குமாடிக் கட்டடங்களின் பால்கனியில் மலைத்தேனீ கூடு வைத்தவுடன் பந்தம் கொளுத்தியும் மருந்தடித்தும் ஆயிரக்கணக்கான தேனீக்களை அழிக்கும் வழக்கம் நகரங்களில் பெருகிவருவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அவ்வினம் பூக்காலத்தைப் பின்பற்றி இடம் பெயர்வது. பருவம் கழிந்தால் தானே எழுந்து போய்விடும். காத்திருக்க முடியாத அபாயம் இருந்தால், கூட்டை இடம்மாற்றத் தெரிந்தவர்களை அழைக்க வேண்டும். சுவர்ப் பொந்தில் குடியேறும் அடுக்குத் தேனீயையோ பெட்டியில் ஏற்றி வளர்க்கவே முடியும். வழி தவறி அறைக்குள் வந்துவிட்ட ஒற்றைத் தேனீக்கும் வண்டுக்கும் சிலந்திக்கும் ஒரு கண்ணாடித் தம்ளரும் ஒரு கெட்டி அட்டையும் போதும். தம்ளரைக் கவிழ்த்து, அட்டையை அடியில் செருகி, அப்படியே வெளியே கொண்டுபோய் விடலாம். நடக்கும் வழியில் சிற்றுயிர்கள் மிதிபடாதபடி மயிற்பீலியால் விலக்கிச் செல்லும் சமண முனிவரின் மரபு இந்தத் தமிழ்நாட்டிலும் நெடுங்காலம் வாழ்ந்த மரபே.

அரசாங்கத்திடம் சில காரியங்களை எதிர்பார்க்கிறேன். உணவுப் பண்டம் விற்கும் பலகையில் பூச்சி மருந்தை வைக்கலாகாது, தனி அலமாரி வேண்டும் என்ற கட்டுப்பாட்டை ஒவ்வொரு கடையிலும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும். சாக்பீஸ் வடிவத்தில் நஞ்சு விற்பதை அடியோடு நிறுத்த வேண்டும். வீட்டுக்குள் மருந்திட வருகிறவர்கள், எந்த மருந்தை எங்கே வைத்தோம், எத்தனை மணி நேரம் அறையை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். கொசு பெருகும்படி நீரைத் தேங்கவிடுவதைத் தடுக்கும் விதிகள், 1939-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட நம் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் இருக்கின்றன. தனியார் வீட்டுத் தொட்டியைச் சோதிக்கிற ஊழியர், கட்டிமுடிக்காத பெருங்கட்டடங்களின் அடித்தளத்து நீரையும் அரசு அலுவலகங்களின் மொட்டைமாடியையும் அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். இவை அனைத்தையும்விட எளிதாகச் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டத்தின் மையங்களிலும், அங்கன்வாடிகளிலும், நியாயவிலைக் கடைகளிலும் அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாகச் சேமித்து வைக்கப்படுகின்றன. குழந்தைகள் உண்ணப்போகும் அந்தத் தானியத்துக்கு நடுவே, கோயம்புத்தூரில் கண்டுபிடித்த அந்தத் துளைக் குழாய்களைச் செருகி வைத்து, வாரந்தோறும் கூம்பைக் கழற்றிக் கொட்டும் பொறுப்பைச் சமையல் உதவியாளரிடம் ஒப்படைப்பதற்கு ஓர் அரசாணை போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, ஈரக்காற்றில் வண்டுகள் பெருகும் காலம் வருவதற்கு முன், ஒரு மாவட்டத்திலேனும் அதைத் தொடங்கலாம்.